செவிடன் காதில் சங்கு: பீடோங்கிலிருந்து சில குறிப்புகள்

வாசகர் கேள்வி, 2 மார்ச்

காது கேளாதவர்களை "மொழிச் சிறுபான்மை, பண்பாட்டுச் சிறுபான்மை" என்று இப்போது எழுதுகிறார்கள். மலேசியத் தமிழர் நாம் சிறுபான்மை, சரி. நமக்கு மொழி இருக்கு, கோயில் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. காது கேட்காதது உடம்பில் உள்ள குறை. குறைக்கு வைத்தியம் உண்டு, கருவி உண்டு. இதில் மொழி எங்கே வந்தது? பண்பாடு எங்கே வந்தது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லலாம்.

3 மார்ச், இரவு 10.20

என் தம்பிக்குக் காது கேட்காது. ஒன்றரை வயதில் வந்த காய்ச்சலில் போனது. கெடாவில் பீடோங்குக்கு உள்ளே தள்ளி ஒரு கித்தா (ரப்பர்) தோட்டம், அதில் கடைசி லயம் (தொழிலாளர் வரிசை வீடு) எங்களுடையது. அவன் 1966இல் பிறந்தவன், நான் நாலு வயது மூத்தவள். பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி இவ்வளவுதான்.

"செவிடன் காதில் ஊதின சங்கு" என்பார்கள். எங்கள் தோட்டத்தில் விடிகாலையில் நிஜமாகவே சங்கு ஊதும், பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கக் கூப்பிட. லயமே ஒருமுறை புரண்டு படுக்கும். அந்த நேரத்தில் எழுந்து சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பவன் தம்பி ஒருவன்தான். அப்பா பாயிலிருந்து எழுந்து நாலு அடி வைத்தால் பலகைத் தரை அதிரும். அவனுக்குச் சங்கு அது. பழமொழி கட்டினவர் பலகை வீட்டில் படுத்திருக்க மாட்டார்.

3 மார்ச், இரவு 11.05

மொழி எங்கே வந்தது என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

சுட்டுவிரலால் காற்றில் சாய்வாக ஒரு கோடு இழுத்தால் அப்பா. மரத்தில் உளி போகும் சாய்வு. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. காதுக்குப் பின்னால் பேனா செருகினால் கிராணி, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. கணுக்காலிலிருந்து முட்டிவரை காலுறையை இழுத்துவிட்டால் தண்டல், வேலையை மேற்பார்க்கிறவர். அதையே வயிற்றைத் தள்ளிக்கொண்டு செய்தால் பெரிய தண்டல். விரல்களைத் தொங்கவிட்டுக் கீழே இறக்கினால் மழை.

இந்த மழையில்தான் விஷயம் இருக்கிறது. மழை பெய்தால் பட்டை ஈரம், பால் மங்கில் நிற்காது, வெட்டு (பால் வெட்டும் வேலை) கிடையாது. அப்பா வீட்டில் இருப்பார். அதனால் தம்பிக்கு மழை என்றால் லீவு. நல்ல வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மழைதான் காட்டுவான். தீபாவளிக்கும் மழை. பள்ளிக்கூடம் முடிந்து நான் பையைத் தூக்கிப் போட்டால், முகம் மலர்ந்து, "உனக்கு மழையா?" என்பான்.

ஒரு சொல் தன் முதல் பொருளை விட்டு நகர்ந்து இன்னொன்றில் போய் உட்காருவது ஊமைச் சாடையில் நடக்காது, மொழியில்தான் நடக்கும். இதை நான் அன்றைக்கே கண்டுபிடித்தேன் என்று நினைக்காதீர்கள். ஐம்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

4 மார்ச், மதியம்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அது இரண்டு பிள்ளைகள் விளையாட்டாகச் செய்துகொண்டது, மொழியென்று சொல்ல முடியாது" என்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். வீட்டுச் சைகை முழு மொழி ஆகாது. நாலு பேரைத் தாண்டிப் போகாது, அடுத்த தலைமுறையும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட வீட்டுச் சைகைகளோடு வருகிற பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடினால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. நிகராகுவாவில் 1970களின் கடைசியில் மனாகுவா நகரத்துச் சிறப்புப் பள்ளியில் காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அவர்களுக்கு யாரும் சைகை மொழி சொல்லித்தரவில்லை. விளையாட்டுத் திடலிலும் பஸ்ஸிலும் பிள்ளைகளே கலந்து ஒன்றை உண்டாக்கினார்கள். பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் அதற்கு இலக்கணம் ஏற்றினார்கள். இன்றைக்கு அது நிகராகுவா சைகை மொழி.

நமக்கும் ஒன்று உண்டு. பினாங்கு தஞ்சோங் பூங்காவில் இருக்கும் பள்ளி, 1954இல் தொடங்கியது. மலாயாவில் காது கேளாதவர்களுக்கென்று வந்த முதல் பள்ளி அதுதான். அந்தக் காலத்து முறை வாய்ப்பேச்சு, அதாவது உதட்டைப் பார், குரலை எழுப்பு. ஆனால் பல மாநிலப் பிள்ளைகள் விடுதியில் ஒன்றாகத் தங்கினால் கை சும்மா இருக்குமா? அங்கே பிள்ளைகளுக்குள் வளர்ந்ததுதான் பினாங்குச் சைகை மொழி.

தம்பியை அங்கே கொண்டுபோய் விட்டது 1974இல். பட்டர்வொர்த் வரை பஸ், பிறகு பெர்ரி, பிறகு இன்னொரு பஸ். பெர்ரியில் அம்மா அழுதுகொண்டே வந்தார். தம்பி கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு வந்தான். தண்ணீரைக் காட்டி, பிறகு அப்பாவின் வாளிக்கு உள்ள சைகையைக் காட்டினான். எத்தனை வாளி என்று கேட்டிருக்கிறான். அப்பா பதில் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் லீவுக்கு வந்தவனின் கை எனக்குப் புரியவில்லை. வேகம் வேறு. பழைய சைகையில் பதில் சொன்னால், பட்டணத்தில் படித்தவன் தோட்டத்துப் பேச்சைக் கேட்பதுபோல் என்னைப் பார்த்தான். எட்டு வயசு!

4 மார்ச், இரவு

"யாரும் சொல்லித்தரவில்லை" என்று மட்டும் எழுதி விட்டுவிட்டால் வாய்ப்பேச்சு முறை எங்கிருந்து வந்தது என்பது மறைந்துவிடும். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்கள் மாநாடு கூட்டி, கையால் பேசுவதை விட்டு வாயால் பேசவைப்பதே மேல் என்று தீர்மானம் போட்டார்கள். வந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் காது நன்றாகக் கேட்கும். அந்தத் தீர்மானத்தின் நிழல் பல நாட்டுப் பள்ளிகளில் நூறு வருஷம் விழுந்தது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசை வருத்தம் தெரிவித்தது. 130 வருஷம் கழித்து.

நம் மொழியில் படிக்கலாமா கூடாதா என்று நம்மைக் கேட்காமலே வேறொருவர் முடிவெடுத்தால் நாம் என்ன பாடு படுவோம்? தமிழ்ப்பள்ளி மூடப்போகிறது என்று வதந்தி வந்தாலே ஊரே வாசலில் வந்து நிற்கும். தம்பி விஷயத்தில் நானும் சேர்த்து யாரும் வாசலில் நிற்கவில்லை.

5 மார்ச்

திருத்தம். நான் இங்கே ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, "மலேசியச் சைகை மொழி என்பது மலாயைக் கையால் பேசுவது" என்று எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காதைத் திருகிவிட்டார். அவர் சொல்வதே சரி.

மலாயைக் கையால் பேசுவது 'கோட் தாங்ஙான்'. பள்ளிக்கூடத்துக்காக உண்டாக்கியது. மலாய் வாக்கியத்தின் அதே வரிசையில் போகும், முன்னொட்டுக்கும் பின்னொட்டுக்கும்கூடத் தனி அடையாளம் வைத்திருக்கும். காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசுவது 'பாஹாசா இஷாராட் மலேசியா', சுருக்கமாக 'பிம்'. அதற்குச் சொல் வரிசை வேறு, இலக்கணத்தில் பாதி முகத்தில் இருக்கிறது. புருவம் ஏறினால் கேள்வி. முதலாவது எழுத்துக்கூட்டிப் படிப்பது மாதிரி, இரண்டாவது பேச்சு.

அமெரிக்கச் சைகையின் சாயல் பிம்மில் நிறைய. 1976இல் அமெரிக்காவிலிருந்து பிரான்சிஸ் பார்சன்ஸ் என்ற அம்மா வந்து, வாயும் கையும் சேர்ந்த முறையை இங்கே அறிமுகப்படுத்தினார். அவருக்கும் காது கேட்காது. அமெரிக்காக்காரரும் பிரிட்டன்காரரும் வாயால் பேசுவது ஒரே மொழி. ஆனால் கையால் பேசினால் ஒருவருக்கொருவர் புரியாது. சைகை, பேச்சு மொழியின் நகல் இல்லை என்பதற்கு எனக்கு இந்த ஒரு உதாரணம் போதும். உலகத்துக்கெல்லாம் ஒரே சைகை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

2008ஆம் ஆண்டு ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளிகள்) சட்டம் பிம்மை நாட்டின் காது கேளாதவர்களுடைய அதிகாரபூர்வ மொழியாக ஏற்றுக்கொண்டது. அந்தச் செய்தியை ஒருவர் காட்டியபோது தம்பி கேட்டது: "அதற்கு முன்னால் நாங்கள் பேசியது என்ன?"

5 மார்ச், நள்ளிரவு

தூக்கம் வரவில்லை, கொஞ்சம் சிரித்துக்கொள்வோம். காது கேளாதவர்கள் வாய் நிறையச் சோறு வைத்துக்கொண்டு தெளிவாகப் பேசலாம். பிசைந்த கையோடு பேசினால்தான் எதிரில் இருப்பவர் சட்டை பாழ். பஸ் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து வெளியே நிற்பவரோடு ஊர் வம்பு முழுக்க முடிக்கலாம். ரகசியம் மட்டும் பேச முடியாது, ஐம்பது அடி தள்ளி நிற்பவருக்கும் தெரிந்துவிடும். தம்பி கார் ஓட்டிக்கொண்டே என்னோடு பேசுவான், நான் பிள்ளையாரோடு பேசிக்கொண்டு வருவேன்.

விடைபெறுவதுதான் அவர்களிடம் ஆகாது. "போய்ட்டு வரேன்" என்று தொடங்கி வாசலில் ஒரு மணி நேரம், வண்டிக்குப் பக்கத்தில் அரை மணி நேரம். போன் இல்லாத காலத்தில் பக்கத்து ஊர் நண்பனை அடுத்து எப்போது பார்ப்போமோ தெரியாது, அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இதைப் பண்பாடு என்று சொல்லக்கூடாது என்றால் நம் வீட்டுக் கல்யாண வழியனுப்பையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

7 மார்ச், மாலை

கல்யாணம் என்றதும் அவன் கல்யாணம். எழுதவேண்டாம் என்று இருந்தேன்.

பெண் சீனர், ஊர் புக்கிட் மெர்தாஜாம். அதே பள்ளி. அம்மாவுக்குப் பெண்ணின் காது பிரச்சினையே இல்லை, சீனர் என்பதுதான். "நம்ம சனத்துல பொண்ணா இல்ல?" என்று மூன்று மாதம். ஒருநாள் தம்பி அம்மாவை உட்காரவைத்து, எங்கள் பழைய வீட்டுச் சைகையில் சொன்னான்: அவளைக் காட்டினான், தன்னைக் காட்டினான், இரண்டு கையும் பேசுவதாகக் காட்டினான், பிறகு மழை.

எனக்கு உடனே புரிந்தது. காது கேட்கிறவர்களோடு இருப்பது அவனுக்கு நாள் முழுக்க வெட்டு. உதட்டைப் பார்த்து, ஊகித்து, தலையாட்டி, சிரிக்கிற இடத்தில் சிரித்து வைக்க வேண்டும். அவளோடு இருந்தால் லீவு.

அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தியா, அவளக் கட்டினா கஞ்சிக்கு வழியில்லன்னு அவனே சொல்றான்!"

அம்மாவுக்கு மழை என்றால் கூலி இல்லாத நாள். நாட்கூலிக் குடும்பத்தில் பிள்ளைக்கு லீவாக இருந்தது அம்மாவுக்குக் கடன். இருபது வருஷமாக ஒரே சைகையை வேறுவேறு பொருளில் பேசிவந்திருக்கிறார்கள், யாருக்கும் தெரியாமல்.

1993இல் சுங்கைப்பட்டாணியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த சித்தியிடம் சாம்பார் வேண்டும் என்று சொல்லவே நான் கத்தினேன். தம்பியின் கூட்டாளிகள் முப்பது நாற்பது பேர், சீனர், மலாய்க்காரர், தமிழர் கலந்து, மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சிரிப்பும் கேலியுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மண்டபத்தில் அன்று குறை யாருக்கு இருந்தது?

எட்டு மணிக்குக் கரண்ட் போனது. இப்போது எங்கள் பக்கம் பேச்சு தொடர்ந்தது, அவர்கள் பக்கம் அப்படியே நின்றுபோனது. யாரோ ஓடிப்போய் ஒரு ஹோண்டா மோட்டாரை வாசற்படி ஏற்றி, விளக்கை மண்டபத்துக்குள் அடித்தார்கள். முப்பது நாற்பது பேரும் அந்த வெளிச்சத்துக்குள் போய் நின்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

இன்னொன்று. அவர்கள் எல்லாரும் அவனைக் கூப்பிட இடது புருவத்துத் தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்தார்கள். விடுதியில் வைத்த பெயர் அது. நாங்கள் வைத்த பெயரை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. இருபது வருஷமாக அவனுக்கு வேறு பெயர் இருந்திருக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

7 மார்ச், பின்னிரவு

மழை விஷயத்தில் ஒரு சந்தேகம். அன்றைக்கு வெளியேயும் நல்ல மழை. அவன் அதைத்தான் காட்டினானோ? நான்தான் கவிதை பண்ணிக்கொண்டேனோ?

8 மார்ச்

கருவி பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவருடைய பேரப்பிள்ளைக்குக் காக்ளியர் (அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் கருவி) வைத்திருக்கிறதாம், நன்றாகப் பேசுகிறதாம். சந்தோஷம், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தம்பி காலத்தில் மார்பில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒயர். லயத்துப் பிள்ளைகள் "ரேடியோ" என்று கூப்பிட்டார்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு பெட்டியைக் கழற்றி அரிசித் தகரத்துக்குள் போட்டுவிடுவான்.

எனக்கு உள்ள கவலை ஒன்றுதான். கருவி வரட்டும், பேச்சு வரட்டும் என்று மூன்று நாலு வருஷம் கையைக் கட்டிப்போட்டால், குழந்தைக்கு அந்த வயதில் எந்த மொழியும் இருக்காது. அந்த வயது திரும்பி வராது.

10 மார்ச்

ஒருவர் "செவிடன்" என்று தலைப்பு வைத்ததைக் கண்டித்திருக்கிறார். நியாயம். தமிழில் அது வசவு. "ஊமையன் அக்கா" என்றுதான் தோட்டத்தில் என்னைக் கூப்பிட்டார்கள், இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வரும். பழமொழியைத் திருப்பிக் காட்டத்தான் வைத்தேன், மாற்றப்போவதில்லை.

ஆனால் மலாயில் நேர்மாறாக இருக்கிறது. "குறைபாடு" என்று சுற்றிவளைத்துச் சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது. 'பெக்கா' (செவிடு) என்றே சொல்லச் சொல்கிறார்கள். அவர்களுடைய தேசியச் சங்கத்தின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. தமிழில் அப்படித் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள ஒரு சொல் இல்லை. அதை நானோ நீங்களோ உட்கார்ந்து உண்டாக்கவும் முடியாது.

11 மார்ச்

முதல் கேள்விக்கு ஒரு நல்ல ஆட்சேபம் வந்திருக்கிறது: "சிறுபான்மை என்றால் தாய் தகப்பனிடமிருந்து மொழி வரவேண்டாமா?" இங்கேதான் அவர்கள் நம்மிலிருந்து வேறு. காது கேளாத பத்துப் பிள்ளைகளில் ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். தமிழ் லயத்தில் பிறந்தால் தமிழ் தானாக வரும், அவர்களுக்கு லயமே கிடையாது. அந்த விடுதிதான் லயம். வயதில் மூத்த பிள்ளைதான் பாட்டி.

அதனால் ஒரு சிக்கல். எல்லாப் பிள்ளைகளையும் வீட்டுக்குப் பக்கத்துச் சாதாரணப் பள்ளியில் சேர்ப்பதுதான் முன்னேற்றம் என்கிறார்கள். பெற்றோருக்கு நிம்மதி, என் அம்மா பெர்ரியில் அழவேண்டியிருந்திருக்காது. ஆனால் பிள்ளை ஒரு வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கும். எங்கள் தோட்டத்தில் கித்தாவை வெட்டிச் செம்பனை போட்டு, ஆட்களைத் தாமானுக்குத் தாமான் (குடியிருப்புப் பகுதி) பிரித்துவிட்டபோது என்ன ஆனது? வீடு நல்ல வீடு, குழாயில் தண்ணீர், தீமிதிக்குத்தான் ஆள் இல்லை. எது சரி என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

பாலியின் வடக்கே பெங்காலா என்று ஒரு கிராமம் இருக்கிறது. பரம்பரையாகக் காது கேளாதவர்கள் அங்கே அதிகம். அதனால் காது கேட்கிறவர்களிலும் பலர் 'காதா கோலோக்' என்ற அந்த ஊர்ச் சைகையில் பேசுகிறார்கள். எங்கள் லயத்திலும் இருபது வீடு. நினைத்திருந்தால் முடிந்திருக்கும்.

12 மார்ச்

நேற்று நடந்தது. தம்பிக்கு முட்டிவலி, ஒரு கிளினிக். காது கேட்காது என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறான். உள்ளேயிருந்து பெயரைக் கத்திக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் அவன் மகள் வேலையிலிருந்து ஓடிவந்தாள்.

அவளுக்குக் காது கேட்கும். ஆறு வயதில் பேங்க் கவுண்டருக்கு மேலே தலை எட்டாமல், அப்பனுக்காக மலாயில் பேசியவள். சீனப் பாட்டியோடு ஹொக்கியன், என்னோடு அரைகுறைத் தமிழ். "அத்தை, எனக்குத் தாய்மொழி எதுன்னு ஸ்கூல்ல கேட்டாங்க, கையைத் தூக்கிக் காட்டினேன். கேள்வி கேட்கத்தான் கையைத் தூக்கறேன்னு நினைச்சிட்டாங்க" என்றாள். அவள் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ, சிரிப்பு பழகியிருந்தது.

15 மார்ச்

இந்த இழையைப் பற்றித் தம்பியிடம் வீடியோவில் சொன்னேன். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பள்ளியில் மலாய்தான். அவனைப் பற்றிப் பத்து நாளாக எழுதுகிறேன், அவனால் ஒரு வரி படிக்க முடியாது. இது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது, வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் உட்கார்ந்து கையில் சொன்னேன். என் பிம் மூன்றாம் வகுப்பு லெவல், சில இடங்களில் வீட்டுச் சைகைக்கு நழுவினேன். ஒன்றேகால் மணி நேரம். அதில் அவன் சிரித்தது பாதி.

அவனுடைய திருத்தங்கள்:

மழைச் சைகையை நாங்கள் உண்டாக்கவில்லை. நிரைக்கு நிரை தூரத்தில் நின்று வெட்டுகிறவர்கள், "வானம் கறுக்குது, கிளம்பு" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டதாம். அப்பாவோடு காட்டுக்குப் போனபோது பார்த்து எடுத்துக்கொண்டான். ஆக, அது காது கேட்கிறவர்கள் சொல். இத்தனை நாள் அதை எங்கள் சொந்தச் சொத்தென்று நினைத்திருந்தேன்.

அம்மாவிடம் மழை காட்டியது ஏன் என்று கேட்டேன். நினைவில்லை என்றான். பிறகு, "நீ சொல்வதே நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்" என்றான். பக்கத்தில் அவன் மனைவி என்னவென்று கேட்டாள். அவளுக்கு எங்கள் வீட்டுச் சைகை தெரியாது. அவன் பிம்மில் விளக்கினான், நீளமாக. என்னால் பின்தொடர முடியவில்லை. அவள் அவன் தோளில் ஒன்று போட்டாள்.

கடலில் எத்தனை வாளி என்று கேட்கவில்லையாம். அப்பா வாளியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாரே என்று கேட்டானாம். தன்னை வேலைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறான்.

மண்டபத்துக்குள் விளக்கு அடித்த வண்டி ஹோண்டா இல்லை, யமஹா. அதை ஓட்டிவந்தவர் இன்னும் புக்கிட் மெர்தாஜாமில்தான் இருக்கிறார், சந்தேகம் இருந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்கிறான்.

மேலே 7ஆம் தேதி எழுதியதை மாற்றவில்லை. யமஹா என்று படித்துக்கொள்ளுங்கள்.